ஓர் ஆணையும் ஒரு சட்டமும்: அமெரிக்க அடிமைகள் விடுதலை பெற்ற வரலாறு

ஆபிரகாம் லிங்கன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் மிகச் சிலரே இருப்பார்கள். மரக்குடிசையில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, அமெரிக்க நாட்டின் அதிபராக உயர்ந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ‘லிங்கன் ஒரு கையெழுத்துப் போட்டார், அடிமைகள் எல்லாரும் அன்றே விடுதலை அடைந்தார்கள்’ என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம்.

இது முழு உண்மையா என்று இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம். ஒரு நாட்டின் தலைவர் தாம் நினைத்த மாத்திரத்தில் நாட்டின் சட்டத்தை மாற்றிவிட முடியுமா? முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், இன்று ஒருவர் போடும் நல்ல கையெழுத்தை நாளைக்கு வேறொருவர் வந்து அழித்துவிட மாட்டாரா? இந்தக் கேள்வி லிங்கனையே இரவு பகலாக வாட்டிய கேள்வி. அவர் அதற்கு விடை கண்ட விதந்தான் இன்றைய உரையின் பொருள்.

முதலில், போருக்கு முன்பிருந்த நிலைமையைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவின் அரசமைப்புச் சட்டம் 1787ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. அதில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது. ஆனால், அந்தச் சொல்லை எழுதாமலே அந்தச் சட்டம் அடிமை முறைக்குக் காவலாக நின்றது. மக்களவைக்கு இடங்களைப் பங்கிடும்போது, ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும் என்றது. ஓர் அடிமை தப்பித்து வேறு மாநிலத்துக்குப் போய்விட்டால், அவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது. ஒரு மாநிலத்தில் அடிமை முறை இருக்கலாமா, கூடாதா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளும். மத்திய அரசு அதில் தலையிட முடியாது என்பதுதான் அந்நாளில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட கருத்து.

1860ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். பருத்தி, புகையிலை, கரும்பு, நெல் ஆகியவை விளைந்த தென்மாநிலத் தோட்டங்களில் அவர்கள் உழைத்தார்கள். கூலி கிடையாது. விலைக்கு விற்கப்பட்டார்கள். கணவனை ஓர் ஊருக்கும் மனைவியை மற்றோர் ஊருக்கும் பிரித்து விற்றாலும் கேட்பார் இல்லை.

பிரிட்டிஷ் பேரரசு வேறு வழியில் போனது. 1833ஆம் ஆண்டில் அதன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தன் குடியேற்ற நாடுகள் பலவற்றில் அடிமை முறையை ஒழித்தது. அதற்காக 20 மில்லியன் பவுன் பணத்தை ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த எசமானர்களுக்கு! அமெரிக்காவில் இந்த வழியும் அடைபட்டிருந்தது. மாநிலங்களுக்குள் இருந்த அடிமை முறையை ஒழிக்கும் அதிகாரம் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே இல்லை என்று கருதப்பட்டது.

லிங்கன் ஒரு வழக்கறிஞர். அடிமை முறை தவறு என்று மேடைதோறும் பேசியவர். ஆனாலும், 1861 மார்ச் 4ஆம் நாள் அதிபராகப் பதவியேற்றபோது, ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் அதில் தலையிடும் சட்ட உரிமை தமக்கு இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அதற்குள் ஏழு தென்மாநிலங்கள் பிரிந்து போய்த் தனிக் கூட்டரசு அமைத்திருந்தன. ஏப்ரல் 12ஆம் நாள் அவர்கள் சம்ட்டர் கோட்டையின்மீது பீரங்கி சுட்டார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்தன. பிரிந்தவை மொத்தம் 11.

நேயர்களே, அமைதிக் காலத்தில் திறக்காத ஒரு கதவைப் போர் திறந்துவிட்டது. அந்தக் கதவை முதலில் தட்டியவர்கள் அதிபரும் அல்லர், தளபதியும் அல்லர். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மலோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று அடிமைகள்.

வெர்ஜீனியா மாநிலத்துக் கடற்கரையில் மன்றோ கோட்டை இருக்கிறது. மாநிலம் பிரிந்து போனபோதும் அந்தக் கோட்டை மத்திய அரசின் கையிலேயே இருந்தது. அந்த மூன்று பேரையும் எதிர்த்தரப்பு இராணுவம் பீரங்கி மேடை கட்டும் வேலைக்கு ஏவியிருந்தது. அடுத்து, குடும்பத்தை விட்டுப் பிரித்து வட கரோலினாவுக்குக் கொண்டு போகப்போகிறார்கள் என்பது அவர்கள் காதுக்கு எட்டியது. 1861 மே 23ஆம் நாள் இரவு ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டு அந்தக் கோட்டைக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார்கள்.

கோட்டைத் தளபதியின் பெயர் பெஞ்சமின் பட்லர். அவரும் தொழிலால் ஒரு வழக்கறிஞர். மறுநாள் எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியுடன் வந்தார். ‘தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர வேண்டும் என்று உங்கள் சட்டமே சொல்கிறதே, ஏன் தரவில்லை?’ என்று கேட்டார். பட்லர் கொடுத்த பதில் இதுதான்: வெர்ஜீனியா தன்னை ஒரு வெளிநாடு என்று சொல்லிக்கொள்கிறது. வெளிநாட்டுக்கு எங்கள் நாட்டுச் சட்டம் எப்படிப் பொருந்தும்? இந்த மூவரும் எங்களுக்கு எதிராகக் கோட்டை கட்டப் பயன்பட்டவர்கள். எதிரி போருக்குப் பயன்படுத்தும் பொருளைக் கைப்பற்றப் போர்ச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே, இவர்களைப் போர்க்காலத் தடைப்பொருளாக வைத்துக்கொள்கிறேன்.

தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பது இதுதான். மனிதனைப் பொருள் என்றார்கள் எசமானர்கள். பொருள் என்றால் போரில் பறிமுதல் செய்யலாம் என்றார் பட்லர்.

போர்ச் சட்டம் என்றால் என்ன? போர் நடக்கும்போது ஒரு படை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாடுகள் காலங்காலமாக ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளே அவை. எதிரியின் துப்பாக்கியை, வண்டியை, தானியத்தைக் கைப்பற்றலாம். சரணடைந்தவனைக் கொல்லக்கூடாது. இப்படிப் பல விதிகள்.

பட்லரின் பதிலில் மனித உரிமை என்ற பேச்சே இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அந்த மூவரும் சுதந்திர மனிதர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும், கோட்டைக்குப் போனால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். முதியவர்கள் வந்தார்கள். ஜூலை மாத முடிவில் அங்கே சேர்ந்திருந்தவர்கள் சுமார் 900 பேர். கோட்டை கட்டாத இந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் என்னவென்று சொல்வது, இவர்களும் பொருள்களா என்று பட்லரே வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று. சட்டம் விடை தேடத் தொடங்கியது இப்படித்தான். ஏழை எளியவர்கள் வாசலில் வந்து நின்றதனால் தேடத் தொடங்கியது.

அடிமைகளை விடுவிக்கப் போர்ச் சட்டம் இடம் தருமா என்ற வழக்கு அமெரிக்காவுக்குப் புதிதன்று. 1775ஆம் ஆண்டில், அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்துக் கிளர்ந்தபோது, வெர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு ஓர் அறிவிப்பு விட்டார். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் வந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் அவர்களுக்கு விடுதலை என்றார். 1812இல் தொடங்கிய போரிலும் பிரிட்டிஷ் படை அவ்வாறே பல அடிமைகளை அழைத்துச் சென்றது. போர் முடிந்ததும், எங்கள் சொத்தைக் கொண்டு போய்விட்டீர்கள் என்று அமெரிக்கா இழப்பீடு கேட்டது. ரஷ்யப் பேரரசர் நடுவராக இருந்து 1822இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, பிரிட்டன் 12 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்துக் கணக்குத் தீர்த்தது.

அந்த வழக்கில் அமெரிக்காவுக்காக வாதாடியவர் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்ஸி ஆடம்ஸ். எதிரியின் அடிமைகளை விடுவிப்பது முறையான போர்ச்செயல் ஆகாது என்று அன்று அவர் சொன்னார். பின்னாளில் அதிபர் பதவியும் வகித்து, மக்களவை உறுப்பினரானபோது, அதே ஆடம்ஸ் 1842இல் நேர்மாறாகப் பேசினார். அடிமை மாநிலத்துக்குள் போர் வந்துவிட்டால், நாட்டின் படைத்தலைவருக்கு அங்குள்ள அடிமைகள் அனைவரையும் விடுவிக்கும் அதிகாரம் உண்டு என்றார். அரசாங்கத்தின் வழக்கறிஞராக முன்பு பேசியவர், பின்பு மனச்சாட்சியின் வழக்கறிஞராகப் பேசினார். அவர் 1848இல் காலமானார். அவர் சொன்ன போர் 13 ஆண்டுகள் கழித்து வந்தது.

ஆனால், லிங்கன் அந்த அதிகாரத்தை உடனே கையில் எடுத்துக்கொள்ளவில்லை. 1861 ஆகஸ்ட் 30ஆம் நாள், மிசூரி மாநிலத்தில் தளபதி பிரிமாண்ட், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று தாமாகவே அறிவித்தார். லிங்கன் அதைத் திருத்தச் சொன்னார். தளபதி மறுக்கவே, தாமே ஆணையிட்டுத் திருத்தினார். மறு ஆண்டு மே மாதம், தளபதி ஹண்டர் மூன்று தென்மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். அதையும் லிங்கன் இரத்துச் செய்தார்.

இது என்ன அநியாயம் என்று நமக்குத் தோன்றும். அன்றும் பலர் அப்படித்தான் கொதித்தார்கள். பிரிந்து போகாத கென்டக்கி போன்ற அடிமை மாநிலங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் லிங்கனுக்கு இருந்தது உண்மை. ஆனால், சட்டக் காரணம் ஒன்றும் இருந்தது. நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒரு தோட்டத்தை உவமை காட்டி விளக்கினார். போருக்குத் தேவை என்றால், தளபதி ஒருவருடைய நிலத்தைப் பிடித்து அதில் பாசறை போடலாம். தேவை உள்ளவரையில் வைத்திருக்கலாம். ஆனால், போர் முடிந்த பிறகும் இந்த நிலம் உனக்கோ உன் பிள்ளைகளுக்கோ என்றைக்கும் சொந்தமில்லை என்று தளபதி எழுதிவிட முடியுமா? முடியாது. நிலையான உரிமையைச் சட்டம் இயற்றும் மன்றந்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

இந்த உவமையை மறந்துவிடாதீர்கள், நேயர்களே. கதையின் இறுதியில் இது திரும்பவும் வரும்.

இதற்கிடையில் காங்கிரசும் படிப்படியாக நகர்ந்தது. 1861 ஆகஸ்ட்டில், எதிரியின் போர் வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட அடிமைகள்மீது எசமானுக்கு உரிமை இல்லை என்று ஒரு சட்டம் வந்தது. 1862 மார்ச்சில், தப்பி வந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்க இராணுவ அதிகாரிகளுக்குத் தடை போட்டது. ஏப்ரலில், தன் நேரடி ஆட்சியில் இருந்த தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்தது. ஜூலை 17ஆம் நாள், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் மத்தியப் படையிடம் வந்து சேர்ந்தால் அவர்கள் என்றென்றும் விடுதலை பெற்றவர்கள் என்று சட்டம் சொன்னது. பிரிந்து போகாத அடிமை மாநிலங்களிடம், ‘நீங்களே படிப்படியாக அடிமைகளை விடுவியுங்கள், மத்திய அரசு இழப்பீட்டுப் பணம் தரும்’ என்று லிங்கன் கேட்டுப் பார்த்தார். அவர்கள் இணங்கவில்லை.

போரோ முடிகிற மாதிரி தெரியவில்லை. தென்னாட்டில் வெள்ளையர்கள் போர்க்களத்துக்குப் போனார்கள். வயலில் உழுது சோறு போட்டவர்கள் அடிமைகள். அகழி வெட்டியவர்கள் அடிமைகள். வண்டி ஓட்டியவர்கள் அடிமைகள். அவர்களில் ஒருவர் தப்பி வந்தால், எதிரிக்கு ஒரு கை குறைகிறது. நமக்கு ஒரு கை கூடுகிறது. அடிமைகளை விடுவிப்பது நல்ல செயல் மட்டுமன்று, போரில் வெல்வதற்கும் தேவை என்ற நிலை வந்துவிட்டது. போர்ச் சட்டத்தில் இதற்கு ‘இராணுவத் தேவை’ என்று பெயர். லிங்கன் தேடிக்கொண்டிருந்த சட்டத்தின் பிடி இதுவே.

1862 ஜூலை 22ஆம் நாள் அமைச்சரவையில் தம் வரைவை வாசித்தார். தோற்றுக்கொண்டிருக்கும்போது இதை வெளியிட்டால் உதவி கேட்டுக் கூக்குரலிடுவதுபோல் ஆகிவிடும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் வெளியுறவு அமைச்சர் சீவர்ட். செப்டம்பர் 17ஆம் நாள் ஆண்டிட்டம் என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. ஒரே நாளில் இரு தரப்பிலும் இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் சுமார் 23,000 பேர். எதிர்ப்படை பின்வாங்கியது. ஐந்து நாள் கழித்து லிங்கன் முன்னறிவிப்பு விட்டார். ஜனவரி 1ஆம் நாளுக்குள் கிளர்ச்சியைக் கைவிடாத இடங்களில் உள்ள அடிமைகள் விடுவிக்கப்படுவார்கள் என்றார். தவணை ஏறக்குறைய நூறு நாள். கிளர்ச்சி அரசு பணியவில்லை.

1863 ஜனவரி 1. புத்தாண்டு நாள். வெள்ளை மாளிகையில் காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து லிங்கனின் வலக்கை மரத்துப் போயிருந்தது. கையெழுத்து நடுங்கினால், தயங்கித்தான் போட்டார் என்று பின்னால் வருகிறவர்கள் சொல்வார்களே என்று கவலைப்பட்டு, நிதானமாக எழுதினார்.

அந்தப் பிரகடனத்தைப் படித்தால் ஒரு வழக்கறிஞர் எழுதிய பத்திரம் போலத்தான் இருக்கும். எந்த அதிகாரத்தின் பேரில் இதைச் செய்கிறேன் என்று அதிலேயே எழுதினார். ஆயுதக் கிளர்ச்சி நடக்கும் காலத்தில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தின் பேரில், கிளர்ச்சியை அடக்கத் தேவையான போர் நடவடிக்கையாக இதைச் செய்கிறேன் என்றார். நீதியான செயல் என்றும் ஒரு வரியில் குறிப்பிட்டார். விடுதலை பெற்றவர்கள் நியாயமான கூலிக்கு உழைக்கலாம். தகுதி உடையவர்கள் படையில் சேரலாம் என்றும் எழுதினார்.

எல்லா அடிமைகளுக்கும் இது பொருந்தியதா? இல்லை. பிரிந்து போகாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. டென்னசிக்கும், லூசியானா, வெர்ஜீனியா மாநிலங்களில் மத்தியப் படை ஏற்கெனவே பிடித்திருந்த பல பகுதிகளுக்கும் பொருந்தவில்லை. அங்கெல்லாம் இருந்த ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அடிமைகளாகவே இருந்தார்கள். தமக்குக் கட்டுப்பட்ட இடத்தில் விடுவிக்காமல், தம் கை எட்டாத இடத்தில் விடுவிக்கிறாரே என்று பலர் கேலி செய்தார்கள்.

நிதி அமைச்சர் சேஸ், விலக்கு அளித்த பகுதிகளுக்கும் இதை விரிவுபடுத்துங்கள் என்று வற்புறுத்தினார். லிங்கன் 1863 செப்டம்பரில் அவருக்கு எழுதிய பதில் மிக முக்கியமானது. இந்த ஆணைக்குச் சட்டத்தில் உள்ள ஒரே ஆதாரம் இராணுவத் தேவைதான். போர் நடக்காத இடத்தில் அந்தத் தேவை இல்லை. எனக்கு நல்லது என்று தோன்றுகிறது என்பதற்காக மட்டும் அங்கேயும் செய்தால், நான் எல்லையற்ற எதேச்சாதிகாரத்தில் இறங்கியவன் ஆகமாட்டேனா என்று கேட்டார்.

மறுபக்கத்தில் இதுவே அதிகம் என்றவர்களும் உண்டு. முன்னாள் உச்சநீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் ஒரு சிறு நூல் எழுதினார். கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதை எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர் அவர். அவரே, படைத்தலைவர் என்ற பெயரில் அதிபர் மாநிலச் சட்டங்களை ஓர் அறிவிப்பால் அழிக்க முடியுமானால், குடிமக்களின் எந்த உரிமைக்குத்தான் பாதுகாப்பு உண்டு என்று கேட்டார். போர் அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் வில்லியம் வைட்டிங், போர்க்காலத்தில் அரசமைப்புச் சட்டமே அந்த அதிகாரத்தைத் தருகிறது என்று வாதிட்டார். இரு பக்கமும் விவரம் அறிந்தவர்கள். கேள்வியும் எளிதானதன்று.

அதே ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், மத்தியப் படைக்கான போர் விதிகள் 157 பிரிவுகளாக வெளியிடப்பட்டன. அவற்றைத் தொகுத்தவர் பிரான்சிஸ் லீபர் என்ற பேராசிரியர். ஜெர்மனியில் பிறந்தவர். தென் கரோலினாவில் சுமார் 20 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தபோது அவரே அடிமைகளை வைத்திருந்தார். இந்தப் போரில் அவருடைய மகன்களில் ஒருவர் தென்படையில் சேர்ந்து 1862இல் உயிரிழந்தார். மற்ற இருவர் வடபடையில் இருந்தார்கள். அத்தகையவர் எழுதிய விதி என்ன சொன்னது தெரியுமா? அடிமை முறை என்பது ஓர் ஊரின் சட்டத்தால் மட்டுமே நிற்பது. இயற்கை நீதியும் நாடுகளுக்கிடையிலான சட்டமும் அதை ஏற்கவில்லை. ஆகவே, எதிரியிடமிருந்து தப்பி நம் படையின் பாதுகாப்புக்குள் வந்தவர் அந்தக் கணமே சுதந்திர மனிதர். அவரை மறுபடியும் அடிமையாக்க முடியாது. படைவீரர்களில் நிற வேறுபாடும் போர்ச் சட்டத்துக்குக் கிடையாது.

பட்லர் 1861இல் ‘பொருள்’ என்றார். இரண்டு ஆண்டுக்குள் போர்ச் சட்டம் ‘மனிதர்’ என்று சொல்லிவிட்டது. இந்த விதிகள் பிற்காலத்தில் 1899, 1907 ஆகிய ஆண்டுகளில் ஹேக் நகரில் உலக நாடுகள் செய்த போர் ஒப்பந்தங்களுக்கும் முன்னோடியாக அமைந்தன.

ஏறத்தாழ 179,000 கறுப்பின வீரர்கள் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர் சம்பளம். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். சில படைப்பிரிவினர் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்துப் போர் புரிந்தார்கள். 1864 ஜூனில் காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது.

இப்போது லிங்கன் சொன்ன தோட்டத்து உவமைக்குத் திரும்புவோம். தளபதி நிலத்தைப் போர்க்காலத்தில் வைத்திருக்கலாம். போர் முடிந்த பிறகு? போர் அதிகாரத்தில் பிறந்த ஆணை, போர் ஓய்ந்ததும் நீர்மேல் எழுத்தாகிவிடாதா? நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டால்? அடுத்து வரும் அதிபர் திரும்பப் பெற்றுக்கொண்டால்? லிங்கனே இதை ஒளிக்கவில்லை. பிரகடனம் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி எழலாம். நம் படையிடம் வந்து சேராதவர்களுக்கு அது பயன்படவில்லை என்று சொல்லலாம். அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகளை அது காக்காது என்றும் சொல்லலாம் என்று 1865 பிப்ரவரி 1ஆம் நாள் மக்களிடம் பேசினார். தாய்க்குக் கிடைத்த விடுதலை பிள்ளைக்கு இல்லை என்றால் அது என்ன விடுதலை?

அதற்கு மருந்து ஒன்றுதான். அரசமைப்புச் சட்டத்தையே திருத்துவது. 1864 ஏப்ரல் 8ஆம் நாள் செனட் சபை 13ஆவது திருத்தத்தை ஏற்றது. ஜூன் மாதம் மக்களவையில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை, தோற்றது. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் லிங்கன் மீண்டும் வென்றார். ஒவ்வொரு வாக்காகத் திரட்டினார்கள். 1865 ஜனவரி 31ஆம் நாள் மக்களவையில் ஆதரவு 119, எதிர்ப்பு 56. திருத்தம் நிறைவேறியது. பின்னர் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும். 1865 டிசம்பர் 6ஆம் நாள் ஜார்ஜியா 27ஆவது மாநிலமாக ஒப்புதல் அளித்ததும் அது நாட்டின் அடிப்படைச் சட்டமாயிற்று. கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமை முறை அப்போதுதான் ஒழிந்தது.

அதைப் பார்க்க லிங்கன் உயிரோடு இல்லை. ஏப்ரல் 14ஆம் நாள் சுடப்பட்டு, மறுநாள் மறைந்தார். ஆணையிட்டவர் போனார், சட்டம் நின்றது.

சட்டம் வந்ததும் துன்பம் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. டெக்சஸ் மாநிலத்தில் இருந்த சுமார் 250,000 அடிமைகளில் பெரும்பாலோருக்கு, பிரகடனம் வெளிவந்து இரண்டரை ஆண்டுக்குப் பின்னர், 1865 ஜூன் 19ஆம் நாள் படை வந்து கால்வெஸ்டன் நகரில் அறிவித்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. அந்த நாள் 2021ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் தேசிய விடுமுறை நாளாகக் கொண்டாடப்படுகிறது. காகிதத்தில் இருக்கும் உரிமை, அதை நிலைநாட்டும் கை வந்து சேரும்வரை காகிதமாகவே இருக்கிறது.

13ஆவது திருத்தத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்பதே அது. தென்மாநிலங்கள் அந்தச் சந்துக்குள் புகுந்தன. 1865 இறுதியில் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. கறுப்பின மக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்த காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போனால் சம்பளம் பறிபோகும். பிடித்தும் கொண்டு வரலாம் என்றது. இதைக் கேட்கும்போது, ஒப்பந்தக் கூலியாக மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் நினைவுக்கு வருவார்கள். ஒப்பந்தத்தை விட்டுத் தப்பிப் போனால் சிறை என்ற சட்டம் இங்கேயும் இருந்ததல்லவா? அமெரிக்காவில் இந்த அநீதியை எதிர்த்துக் குடியுரிமையையும் வாக்குரிமையையும் தரும் திருத்தங்கள் 1868இலும் 1870இலும் வந்தன. அவற்றை நடைமுறையில் பெற இன்னும் ஒரு நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது.

நேயர்களே, தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வரலாற்றின் பாடம் எளிதில் விளங்கும். ஒரு நிர்வாகி மனம் இரங்கி ஒரு சலுகை தருகிறார். நல்லதுதான், நன்றி சொல்கிறோம். அவர் மாற்றலாகிப் போன மறுமாதம் புதியவர் வந்து அதை நிறுத்திவிடலாம். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, சட்டம் காக்கும் உரிமையை அவ்வளவு எளிதில் நிறுத்த முடியாது. லிங்கனின் ஆணை பெரிய ஆணை. அது இல்லாமல் விடுதலையின் கதவு திறந்திருக்காது. ஆனால், அதைப் போட்டவரே, இது போதாது, என் கையெழுத்தை நம்பி ஒரு மக்கள் கூட்டம் வாழக்கூடாது என்று கண்டு, அதைச் சட்டமாக்கப் பாடுபட்டார். அவருடைய பெருமையில் பாதி அந்தக் கையெழுத்தில் இருக்கிறது என்றால், மறுபாதி இதில் இருக்கிறது.

நள்ளிரவில் படகேறிய அந்த மூவரையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் கைகளில் துப்பாக்கியும் இல்லை, சட்டப் புத்தகமும் இல்லை. துடுப்பு மட்டுமே இருந்தது. அவர்கள் வந்து கதவைத் தட்டியிராவிட்டால், தளபதிக்கும் அதிபருக்கும் விடை தேட வேண்டிய கேள்வியே எழுந்திருக்காது. அடுத்த முறை உங்கள் பிள்ளை பாடப் புத்தகத்தைத் திறந்து லிங்கனைப் பற்றிப் படிக்கும்போது, அந்த மூன்று பெயர்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.